சேத்தா, பிரிச்சா?

சூடான கல்லில் வெண்ணெய் உருகும் வாசனை. அதோடு வெங்காயம். புதுப்பட்டினம் மார்க்கெட்டின் மீன் வாசனையையும் தாண்டி அது பஸ் ஸ்டாண்டு வரை வரும்...

அந்தப் பக்கம் போனவர்களுக்கு ஏசுபாதத்தின் பர்கர் கடை தெரிந்திருக்கும். உட்கார இடம் கிடையாது. வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். இன்றைக்கு அங்கே நிற்கும் கூட்டத்தைப் பார்ப்பவர்கள், ஒரு காலத்தில் அந்தக் கடை ஈ ஓட்டியது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

நான் அப்போது அங்கே பள்ளியில் அறிவியல் ஆசிரியர். ஏசுபாதம் மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட் சமையலறையில் இருந்துவிட்டு வந்து கடை போட்டிருந்தார். கைப்பக்குவத்தில் குறையே கிடையாது. ஆனால் வாங்கியவர்கள் இரண்டாம் முறை வரவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். எங்கள் வீடு நெம்மேலியில். பர்கரைப் பையில் போட்டு ஸ்கூட்டரில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் சாஸ் ஊறி, பன் களியாகிவிடும். மொறுமொறுவென்று பொரித்த சிக்கன் ஈரத்துணி மாதிரி ஆகிவிடும். எங்கள் இரண்டு பெண்களும் மரியாதைக்குச் சாப்பிடுவார்கள்.

சித்திரைக்குள் கடை சூடு பிடிக்காவிட்டால் துபாய் ஓட்டல் வேலைக்குப் போவது என்று ஏசுபாதம் முடிவு செய்திருந்தார். அவர் மனைவி மாலாவுக்கு அப்போது கைக்குழந்தை. பயணத்துக்குப் பெரிய நீலப் பெட்டிகூட வாங்கியாகிவிட்டது. அதைப் பற்றிப் பேச்சு வந்தாலே மாலா உள்ளே போய்விடுவார்.

பள்ளி ஆண்டு விழாவுக்கு என் மனைவி சரோஜா வந்திருந்தாள். திரும்பும்போது கடையில் நின்றோம். ஏசுபாதம் பர்கரை அடுக்கிக் காகிதத்தில் சுற்றப் போனார்.

"இன்னாபா, எல்லாத்தையும் ஒண்ணா அமுக்கி வெச்சிகினு கீற? பார்சல்னா தனித்தனியா கட்ட மாட்டியா?"

"யக்கா, இது பர்கருக்கா. இப்டித்தான் குடுப்பாங்க."

"இட்லி மேல சாம்பார ஊத்தியா பார்சல் கட்றாங்க?"

"இட்லி வேற, இது வேறக்கா."

"இன்னா வேற? ரெண்டும் வூட்டுக்குத்தான போவுது?"

பின்னால் நின்ற ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். "குட்த்துடு அண்ணாத்த. வாத்தியாரூட்டம்மாகிட்ட பேசி ஜெயிக்க முடியுமா?"

"பர்கருக்கு வந்த பேஜாரப் பாரு" என்று முனகிக்கொண்டே ஏசுபாதம் பிரித்தார். பன் ஒரு காகிதத்தில். சிக்கன் ஒரு காகிதத்தில். சாஸும் வெங்காயமும் சின்னக் கவரில், சட்னி கட்டுவது போல ரப்பர் பேண்டு போட்டு.

வீட்டில் சரோஜா பன்னைத் தோசைக்கல்லில் ஒரு புரட்டு புரட்டி அடுக்கித் தந்தாள். கடித்தபோது 'மொறுக்' என்று சத்தம் கேட்டது. பெண்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு மரியாதைக்குச் சாப்பிடவில்லை.

உதாரணத்துக்கு சிமென்டை எடுத்துக்கொள்ளுங்கள். கடையிலேயே தண்ணீர் கலந்தா மூட்டை கட்டுகிறார்கள்? கட்டடம் கட்டுகிற இடத்தில்தானே கலக்கிறோம்? இத்தனை வருடம் வேதியியல் நடத்திய எனக்கு இது தோன்றவில்லை. பார்சல் என்றால் குழம்பு வேறு, சோறு வேறு என்று சரோஜாவுக்கு ஊறிப்போன பழக்கம். அவ்வளவுதான்.

ஆசிரியர் அறையில் சொன்னேன். அவர்களும் பிரித்துக் கட்டச் சொல்லி வாங்கினார்கள். அங்கிருந்து கல்பாக்கம் டவுன்ஷிப்புக்குச் செய்தி போனது. திருவிடந்தை வரை பைக்கில் கொண்டுபோனவர்களும் வீட்டில் சூடாக அடுக்கிச் சாப்பிட்டார்கள்.

பங்குனி கடைசியில் ஒரு சனிக்கிழமை மாலை போனால், வரிசை பக்கத்து மருந்துக்கடை வாசலை மறைத்துக்கொண்டு நிற்கிறது. ஏசுபாதம் நிமிராமலே ஒவ்வொருவரையும் கேட்கிறார்: "சேத்தா, பிரிச்சா?"

"பிரிச்சி... பிரிச்சி..." என்று வரிசை முழுக்கப் பதில்.

பன் வைக்க இடம் போதவில்லை. மாலா உள்ளேயிருந்து எதையோ இழுத்து வந்தார். அந்த நீலப் பெட்டி. திறந்தால் உள்ளே முழுக்கப் பன்.

"துபாய் இன்னாச்சும்மா?" என்று கேட்டேன்.

"பொட்டில பன்ன ரொப்பிட்டேன் சார். இனிமே அது ஏரோப்ளேன் ஏறாது."

மாலா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

நான் ஓய்வு பெற்றாகிவிட்டது. பெண்கள் இருவரும் கல்யாணமாகி வெளியூரில். போன வாரம் சரோஜாவோடு அந்தப் பக்கம் போனேன். அதே வெண்ணெய் வாசனை. கடை இரண்டு மடங்கு பெரிதாகியிருக்கிறது. உட்கார மட்டும் இன்னும் இடமில்லை. எங்களைப் பார்த்ததுமே மாலா ரப்பர் பேண்டை எடுத்துவிட்டார்.

"பிரிச்சித்தானக்கா?"

சரோஜா கொஞ்சம் யோசித்தாள்.

"இல்ல மாலா, சேத்தே குடு. வூட்ல யாரு கீறாங்க..."

ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றபடியே சாப்பிட்டோம். முதல் கடியிலேயே சாஸ் அவள் மணிக்கட்டு வரை வழிந்தது. துடைக்காமல் அடுத்த கடி கடித்தாள்.

"இதுவும் நல்லாத்தான் கீது" என்றாள்.

கல்லுக்குப் பின்னாலிருந்து ஏசுபாதத்தின் குரல் வந்தது.

"அன்னிக்கே சொன்னேன் இல்லக்கா, இப்டித்தான்னு?"