கரமனை டீச்சருக்கு ஒரு பட்டுப்புடவை

"இனி வேறு இடத்தில் பாட்டுக் கற்றுக்கொள்ளப் போகிறோம்" என்பதை, இத்தனை வருடம் சொல்லிக்கொடுத்த டீச்சரின் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது? இந்தக் கேள்வியோடுதான் சனிக்கிழமைதோறும் மகளுடன் கழக்கூட்டத்திலிருந்து கரமனைக்குப் பஸ் ஏறுகிறேன். திருவனந்தபுரத்தில் நான் மலையாளத்தில் கேட்டால் கண்டக்டர் தமிழில் பதில் சொல்வார். தமிழில் கேட்டால் மலையாளத்தில். டிக்கெட் எடுப்பதற்கே இந்தக் குழப்பம் என்றால், இதை எந்த மொழியில் சொல்வது?

திருநெல்வேலியில் இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. நான் பத்தாம் வகுப்புக்கு வந்ததும் அப்பா கடைவீதியில் பாட்டு சாரைப் பார்த்து, "பிள்ளைக்குப் பரீட்சை சார், இனி வராது" என்றார். "நல்லா படிக்கட்டும்" என்றார் சார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்ததாக அப்பா இன்றும் சொல்கிறார்.

ராஜம் டீச்சர் அப்படிப்பட்டவர் இல்லை. நாங்கள் இங்கே யாரையும் தெரியாமல் முழித்த காலத்தில், எனக்குக் காய்ச்சல் என்றதும் தெரிந்த கண்டக்டரிடம் ரசம் கொடுத்தனுப்பியவர். ஆனால் அப்போது நாலு வயதாக இருந்த ஆதிரை இப்போது ஐந்தாம் வகுப்பு. இன்னும் கீதம்தான் பாடுகிறாள். எங்கள் குடியிருப்பின் காவலாளி அண்ணன்கூட அதைச் சீழ்க்கையடிக்கிறார். அடுத்த படியான வர்ணம் எப்போது என்று கேட்டால், "தொண்டை பழுக்கட்டும், கோமதி. அவசரப்பட்டா ஆச்சா?" என்பார் டீச்சர்.

கழக்கூட்டத்திலேயே ஒரு டீச்சர் இருப்பதாகத் தெரிந்து போய்ப் பார்த்தேன். ஆதிரையைப் பாடச் சொல்லிக் கேட்டவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "பழய டீச்சறோட பறஞ்ஞு, அனுக்ரஹம் வாங்கி வரணம்." பழைய டீச்சரிடம் சொல்லிக்கொண்டு, ஆசி வாங்கி வர வேண்டுமாம். கணவரைப் போய்ப் பேசச் சொன்னேன். "மீட்டிங்" என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அன்று அவருக்கு விடுமுறை.

விடைபெறுவதையாவது நல்ல நாளில் செய்வோம் என்று விஜயதசமியைத் தேர்ந்தெடுத்தேன். குற்ற உணர்வு ஏற ஏறத் தட்டும் கனத்தது. வெற்றிலை, பாக்கு, பழம், பூ, கடைசியில் ஒரு பட்டுப்புடவை. பஸ்ஸில் போகும்போதே சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டேன்.

கரமனை வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் உறைத்தது. கூடம் நிறையப் பிள்ளைகள். ஒவ்வொரு அம்மா கையிலும் ஒரு தட்டு. விஜயதசமியன்று டீச்சர் வீட்டுக்குத் தட்டோடு வருபவர்கள் புதுப்பாடம் தொடங்கத்தான் வருவார்கள். விட்டுப்போக வந்தவள் நான் ஒருத்திதான்.

"என்னடி இது, பட்டுப்பொடவை! எனக்கென்ன அறுபதாம் கல்யாணமா?"

"இல்ல டீச்சர், ஒரு விஷயம் சொல்லணும்..."

"எனக்குத் தெரியாதாக்கும்! வர்ணம் வேணும், அதானே? வாயால கேட்டாப் போறாதா, லஞ்சம் வேற தரணுமா? ஆதிரே, முன்னால வந்து ஒக்காரு."

கூடமே சிரித்தது. டீச்சர் வர்ணத்தின் முதல் வரியைப் பாட, ஆதிரை திருப்பிப் பாடினாள். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. தொண்டை நிஜமாகவே பழுத்திருந்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பக்கத்திலிருந்த மலையாளி அம்மா கைக்குட்டையை நீட்டி, "சந்தோஷம் கொண்டு, அல்லே?" என்றார். தலையாட்டினேன். கிளம்பும்போது காலில் விழுந்தேன். "நன்னா வருவா கொழந்தை" என்று என் தலையில் கைவைத்தார் டீச்சர்.

மறுநாள் கழக்கூட்டம் டீச்சர் போனில் கேட்டார்: "அனுக்ரஹம் கிட்டியோ?"

"கிட்டி" என்றேன். அது பொய்யும் இல்லை.

இப்போது சனிக்கிழமை காலை கரமனை, மாலை கழக்கூட்டம். ராஜம் டீச்சருக்குப் புது டீச்சரைப் பற்றித் தெரியாது; புது டீச்சருக்கு நாங்கள் இன்னும் கரமனைக்குப் போவது தெரியாது. புது டீச்சர் எடுத்திருப்பதும் அதே வர்ணம், ஆனால் வேகமாக, வேறு வளைவுகளோடு. ஆதிரை திரும்பும் பஸ்ஸில் அதைக் கரமனை மாதிரியாகத் தொடங்கி, பாதி வழியில் கழக்கூட்டத்துக்கு மாற்றிக்கொள்வாள். நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மாறுகிற இடம் வாரா வாரம் தள்ளிப்போகிறது. போன வாரம் வீட்டு நிறுத்தம் வந்தும் அவள் கரமனையிலேயே இருந்தாள்.

யாரிடம் விடைபெற வேண்டும் என்பதே இப்போது தெரியவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் தயவுசெய்து யோசனை எழுதுங்கள், சீக்கிரம் எழுதுங்கள். டீச்சரின் பெயரை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் அவரும் இந்த இதழை வாங்குகிறவர். பட்டுப்புடவை வரும் இடத்தில் கண்டுபிடித்துவிடுவார்.