அழுகிய கிழங்குக்கு நல்ல விலை

என் அண்ணன் ஒரு சதமும் திருடவில்லை. இதை எனக்குப் பலர் சொல்லிவிட்டார்கள். பேருந்தில் சொன்னார்கள், கோயில் வீதியில் சொன்னார்கள், மானிப்பாயில் பல் வைத்தியரிடம் காத்திருந்தபோது வாயைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவர்கூடச் சொன்னார். அதைக் கேட்டதும் என் கோபம் ஆறிவிடும் என்று நினைக்கிறார்கள். எனக்கோ அதைக் கேட்கும்போதுதான் பற்றிக்கொண்டு வருகிறது.

அண்ணன் வங்கியில் நல்ல பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். புத்தூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர் அறுவடை நேரத்தில் உருளைக்கிழங்கை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, பிறகு அதே கிழங்கைக் கடையில் கூடின விலைக்கு வாங்கிச் சமைப்பதைப் பார்த்து மனம் பொறுக்காமல் ஒரு குளிர் களஞ்சியம் தொடங்கினார். தோட்டக்காரர்கள் பங்குக் காசு போட்டார்கள். கனடாவிலும் லண்டனிலும் இருந்த உறவுகளும் போட்டார்கள். மலிந்த காலத்தில் கிழங்கை நியாய விலைக்கு வாங்கி வைத்து, விலை ஏறியதும் விற்பது. இலாபம் எல்லோருக்கும். நல்ல யோசனைதான். கணக்கு எழுத என்னை அழைத்தார். ஆரம்ப வருடங்களில் உண்மையாகவே இலாபம் வந்தது. ஆண்டுப் பொதுக் கூட்டத்துக்கு அளவெட்டியிலிருந்து நாதஸ்வரம் பிடித்து, அண்ணனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கிழங்குக் கம்பனியின் கூட்டத்துக்கு நாதஸ்வரம்!

பிறகு நாடு முழுக்க மின்சாரம் இல்லாமல் போன வருடம் வந்தது. ஜெனரேற்றர் இருந்தது, ஊற்ற டீசல் இல்லை. பூட்டிய களஞ்சியத்துக்குள் கிழங்கு வியர்த்து, குழைந்து, தண்ணீராய் வடிந்தது. அழுகிய உருளைக்கிழங்கின் நாற்றத்தை அறியாதவர்களுக்கு அதை விளக்க முடியாது. உடுப்பில் ஒட்டும், தலைமுடியில் ஒட்டும். நான் வீட்டுக்குள் நுழைந்தால் என் மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.

வருடக் கணக்கு முடிக்கும் நேரம் அண்ணன் என் மேசைக்கு வந்தார்.

"கணக்கிலை கிழங்கு இருப்பை வாங்கின விலைக்கே போடு."

"எந்த இருப்பை அண்ணை? உள்ளுக்கை கிடக்கிறது கிழங்கே?"

"ஒரு வருசம்தானே. அடுத்த அறுவடையிலை சரிக்கட்டிடலாம்."

"நட்டமெண்டு சொன்னால் என்ன? கரண்ட் இல்லாதது எல்லாருக்கும் தெரியும்தானே. உங்களை ஆர் குறை சொல்லப் போகினம்?"

அவர் யன்னலைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "உனக்கு விளங்காது பிள்ளை. அவையள் கிழங்கை நம்பிக் காசு போடேல்லை. என்னை நம்பிப் போட்டவை."

எனக்கு விளங்கியது. அதுதான் பிரச்சினையே. அவர் பயந்தது வங்கிக்கு அல்ல. களஞ்சியத்துக்குத் தந்த கடனை வங்கி மறுபடி தராமல் விடலாம், அது உண்மைதான். ஆனால் அவரை ஆட்டியது வேறு. பள்ளிக்கூடத்தில் முதல் பிள்ளை, வீட்டில் மூத்த பிள்ளை, எந்தச் சபையிலும் முதல் கதிரை. "இந்த முறை எனக்குச் சரிவரேல்லை" என்ற ஒரு வசனத்தைச் சொல்ல அந்த வாய்க்குப் பழக்கமே இல்லை. நாங்கள் யாரும் அவரைப் பழக்கவும் இல்லை.

நான் எழுத மறுத்தேன். அவர் வேறொருவரைக் கொண்டு எழுதுவித்தார். கணக்காய்வாளர் வந்தார். களஞ்சியக் கதவுக்கு வெளியே ஒரு கதிரையில் இருந்து சோடா குடித்தார். நான் போய், "உள்ளுக்கை ஒருக்கால் பாருங்கோ சேர்" என்றேன்.

"கதவைத் திறந்தால் குளிர் போயிடும் எண்டு உங்கடை அண்ணை சொல்லுறார், தங்கச்சி."

குளிர்! இதைச் சொல்லும்போது அந்த மனிதர் கைக்குட்டையை மூக்கில் வைத்திருந்தார். படித்தவர், கையெழுத்துக்குப் பெரிய மதிப்பு உள்ளவர். மூக்கு ஒன்றைச் சொன்னது, கை இன்னொன்றை எழுதியது.

நான் வேலையை விட்டேன். அறிக்கை வெளிவந்தது, பளபளப்பான தாளில். நாடே நொந்துபோயிருந்த வருடத்தில் அண்ணனின் கம்பனி மட்டும் இலாபம். நம்ப முடியாத இடத்தில் வந்த இலாபம் என்பதாலேயே சனம் கூடுதலாக நம்பியது. புதிதாகப் பங்கு போட வரிசை கட்டினார்கள். அந்த வரிசையில் ஒரு தோட்டக்கார அக்காவும் இருந்தார். மகளின் சங்கிலியை விற்றுக்கொண்டு வந்தவர். நான் வீதியில் மறித்துச் சொன்னேன்.

"அக்கா, போடாதேங்கோ. உள்ளுக்கை ஒண்டுமில்லை."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தமையனோடை கோவமெண்டால் வீட்டிலை வைச்சுக்கொள்ளுங்கோ பிள்ளை. அவர் எங்களுக்குத் தெய்வம் மாதிரி."

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்றேன். நானும் ஒரு சின்னப் பங்குக்காரிதான், கேட்க உரிமை இருந்தது. "களஞ்சியத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கோ" என்றேன். முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் திரும்பி, "தங்கச்சி, குடும்பக் கதையைச் சபையிலை கதைக்கக் கூடாது" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அதே சனம்தான் பல மாதம் அந்த வீதியால் போகும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு சைக்கிளை வேகமாக மிதித்தது. ஒருவருக்கும் நாறவில்லையாம். அண்ணன் மேடையில் இருந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. இரக்கப்படுகிற சிரிப்பு. அதை நான் மன்னிக்க மாட்டேன்.

ஒரு வருடம் என்றவர் அடுத்த வருடமும் அதையே செய்தார். செய்யத்தான் வேண்டும். முதல் வருடத்துப் பொய்க் கிழங்கைக் கணக்கிலிருந்து தூக்கி எறிந்தால் அந்த நட்டம் வெளியே வந்துவிடும். ஆகவே பொய்க் கிழங்கின் மேல் இன்னும் பொய்க் கிழங்கு. புதுப் பங்குக்காரரின் காசில் பழைய பங்குக்காரருக்கு இலாபம். கடைசியில் வங்கி புதிதாக அனுப்பிய ஒரு பெண் அதிகாரி, ஊர்ப் பெரியவர்களை அறியாதவர், "கதவைத் திறவுங்கோ" என்றார். அவ்வளவுதான். கதவடியில் ஒரு வரிசைச் சாக்கு. அதற்குப் பின்னால் கழுவிவிட்ட வெறும் சீமெந்துத் தரை.

கம்பனி விழுந்தது. தோட்டக்கார அக்கா என் வீட்டுக்குத்தான் வந்தார், அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. திட்டவில்லை, அழவும் இல்லை. "நீங்கள் இன்னும் கொஞ்சம் பலமாச் சொல்லியிருக்கலாம்தானே" என்றார். இப்போது அவர் வேறொருவரின் வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலிக்குப் புல்லுப் பிடுங்குகிறார்.

அண்ணனிடம் போனேன். தாடி வளர்த்து, மெலிந்து, சாய்வு நாற்காலியில் கிடந்தார்.

"நான் ஒரு சதமும் எடுக்கேல்லைப் பிள்ளை. இந்த வீட்டையும் ஈடு வைச்சுத்தான் கம்பனியை ஓட்டிப் பாத்தனான். எல்லாம் சனத்துக்காகத்தான்."

"சனத்துக்காக எண்டால் சனத்துக்கு உண்மையைச் சொல்லியிருப்பியள். உங்கடை மரியாதைக்காகத்தான் அண்ணை. அதுக்கு அந்த மனுசியின்ரை சங்கிலி போச்சு."

"அப்பிடிக் கதையாதை."

"எடுத்திருந்தாலாவது திருப்பித் தாங்கோ எண்டு கேக்கலாம். இப்ப எதைக் கேக்கிறது?"

அண்ணனின் மனைவி, என் மச்சாள், வாசலில் வந்து நின்று, "சுகமில்லாத வருத்தக்காரனோடை சண்டை பிடிக்காமல் போங்கோ" என்றார். போனேன்.

திருடனை எனக்கு விளங்கும். ஆசை, எடுத்தான், பிடிபட்டான். நல்லவன் என்ற பெயரைக் காப்பாற்ற ஒரு ஊரின் உழைப்பை எரிக்கிறவனைத்தான் விளங்கிக்கொள்ளவும் முடியவில்லை, திட்டவும் ஆளில்லை. சபையில் அவன் வாயைத் திறக்கவிடாத அந்தப் பொன்னாடையைப் போர்த்தியவர்களுக்கு ஒரு வழக்கும் இல்லை. கணக்காய்வாளர் இன்னும் கணக்குப் பார்க்கிறார்.

பொலிஸில் வாக்குமூலம் கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் சொன்னேன், ஒன்றையும் மறைக்கவில்லை. வழக்குத் தவணை தவணையாகப் போகிறது. போன ஆவணியில் எங்கள் சித்தப்பாவின் பேத்திக்குக் கலியாணம். எனக்கு அழைப்புச் சொல்லவில்லை. அண்ணனுக்கு வீட்டுக்கே போய்ச் சொல்லி, வாகனம் அனுப்பி, முன்வரிசையில் இருத்தினார்களாம். "பாவம், நல்ல மனுசன். கூடப் பிறந்ததே காட்டிக் குடுத்திட்டுது" என்று பந்தியில் கதைத்தார்களாம்.