தவம் தனக்குப் போட்ட வாக்கு

தவம் படகில் வந்தவன். வந்து பதின்மூன்று வருடமாகியும் தற்காலிக விசாதான். செவன் ஹில்ஸ் என்ற புறநகரில் ஒரு வெயார்ஹவுஸில் பாரம் தூக்கும் போர்க்லிப்ட் ஓட்டினான். தமிழ் மன்றத்தில் பொங்கலென்றால் பானை தூக்குவான், கலைவிழாவென்றால் கதிரை அடுக்குவான். மேடையில் மட்டும் ஏறியதில்லை, பாவம்.

அவனைத்தான் சிறிதரன் மன்றத் தேர்தலில் தன் அணியின் தலைவர் வேட்பாளராக நிறுத்தினார். அன்பினால் என்று நினைத்துவிட வேண்டாம். படகில் வந்த பெடியள் நூற்றுக்கு மேலே மன்றத்தில் இருந்தார்கள். அவர்கள் தவத்தின் சொல்லுக்குத்தான் அசைவார்கள். படிவத்தைச் சிறிதரனே நிரப்பினார். விசாவைப் பற்றித் தவம் வாயெடுத்தபோது, அதெல்லாம் ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினார்.

வேலை முடிந்து வீடு வீடாக ஏறி இறங்கினான் தவம். நூற்றுப் பதினெட்டுத் தபால் வாக்குகள் பெட்டியில் விழுந்தன. ஒன்று அவன் தனக்கே போட்டது. பிறந்த நாட்டிலும் சரி, வந்த நாட்டிலும் சரி, அவன் போட்ட முதல் வாக்கு அதுதான்.

தேர்தலுக்கு ஐந்து நாள் இருக்க, தேர்தல் அதிகாரி சந்திரகலா கூப்பிட்டனுப்பினார். நிரந்தர வதிவிடம் இல்லாதவர் தலைவராக முடியாதாம். மன்றத்தின் சட்டவிதியான யாப்பில் இருக்கிறதாம். தவத்தின் மேல் வந்த முறைப்பாட்டுக் கடிதத்தை நீட்டினார். அடியில் சிறிதரனின் கையெழுத்து.

சிறிதரன் பக்கத்துக் கதிரையிலேயே இருந்தார். அவருக்கு அங்காலே டொக்டர் உமாசுதன், புது வேட்பாளர். வேட்பாளர் தகுதியிழந்தால் அணி வேறு ஆளை நிறுத்தலாம், விழுந்த வாக்குகள் அணிக்கே சேரும். அதுவும் யாப்பில் இருந்தது. ஆறு கடக்கும் வரைதான் அண்ணன் தம்பி என்பார்கள். இவர்கள் நடு ஆற்றிலேயே தள்ளிவிட்டார்கள்.

“என்ர விசா உங்களுக்கு முதலே தெரியும்தானே அண்ணை?”

“தெரியும். முதலே டொக்டர் நிண்டிருந்தா உன்ர பெடியள் வாக்குப் போட்டிருப்பாங்களோ? நீயே சொல்லு.”

தவம் சந்திரகலாவின் பக்கம் திரும்பினான்.

“என்ர வாக்கு ஒண்டை மட்டும் திருப்பித் தாங்கோ அக்கா.”

சீட்டில் பெயர் இல்லை, எது யாருடையதென்று தெரியாது, தெரிந்தாலும் சட்டம் விடாது என்றார் அவர்.

டொக்டர் வென்றார். பதவியேற்பு விழாவுக்குக் கதிரை அடுக்கத் தவத்தைக் கூப்பிட்டார்கள். போனான். விசா விண்ணப்பத்தோடு வைக்க மன்றத்தின் நற்சான்றுக் கடிதம் வேண்டும். அதில் தலைவர்தான் கையெழுத்து வைக்க வேண்டும்.

இருநூறு கதிரையும் அடுக்கி முடித்து, கடிதத்தோடு டொக்டரின் முன்னால் போய் நின்றான்.

டொக்டர் பேனையைத் திறந்துகொண்டே நிமிர்ந்தார்.

“தம்பிக்கு என்ன பேர்?”