பேஸ்மட்டமும் தறிக்குழியும்

ஆரணியில் வீட்டு பிளான் வரைந்து அனுமதி வாங்கித் தருவது என் பிழைப்பு. ஆற்றோரத்து மனை என்றால் எனக்குக் கொஞ்சம் திமிர் வந்துவிடும். வெள்ளம் தொட்ட மட்டத்துக்கு மேலேதான் தரை இருக்க வேண்டும் என்பது விதி. அதில் அரை அடி குறைக்கச் சொல்லி யார் கெஞ்சினாலும் எரிந்து விழுவேன்.

அப்படி என்னிடம் திட்டு வாங்கியவர் ஒரு நெசவாளி.

"மூணு அடி பேஸ்மட்டமா? மண்ணு கொட்டியே நான் காலியாயிடுவேன் சார். ரெண்டு போதாதா?"

"வெள்ளம் இன்னா, உங்களக் கேட்டுகினா வரும்?" என்றேன்.

மூன்றடி உயர்த்தியே கட்டினார். முன்னறைக்கு நான் பிளானில் 'ஹால்' என்று எழுதியிருந்தேன். அங்கே என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்கவில்லை.

குடிபோனதும் அந்த ஹாலில் தறி போட்டார். குழித்தறி. காலைத் தொங்கவிட்டு மிதிக்கத் தரையில் ஆழமான குழி வேண்டும், தோண்டிவிட்டார். தையில் மகளுக்குக் கல்யாணம். ஆயுள் முழுக்க ஊரார் பெண்களுக்கே முகூர்த்தப் புடவை நெய்தவர், முதல்முறையாகத் தன் பெண்ணுக்கு நெய்யத் தொடங்கினார்.

கார்த்திகை மழையில் ஆறு பெருகி, அவர் தெருவில் இரண்டடித் தண்ணீர் நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், என் கெட்டிக்காரத்தனத்தைப் பார்க்கத்தான் போனேன். தண்ணீர் படியோடு நின்றிருந்தது, தரை காய்ந்து கிடந்தது. தறிக்குழி மட்டும் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. மண்ணுக்கு அடியில் ஊறி வந்த தண்ணீர். அது ஏறி ஏறிப் பட்டைத் தொட்டுவிடுமோ என்ற பயத்தில், பாதி நெய்த புடவையை அறுத்து எடுத்துவிட்டார்கள்.

அவர் மனைவி அதை மடியில் வைத்திருந்தார். "நீங்க தரைய உசத்தினீங்க சார். நாங்க குழியில இல்ல உக்காந்துகினு இருக்கோம்?"

அவமானமாக இருந்தது. நானும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைதான். விண்ணப்பத்தில் குழிக்கு ஒரு கட்டம் இல்லையென்றால் எனக்குமா புத்தி இல்லை? இப்போதெல்லாம் ஆற்றோரத்திலிருந்து யார் வந்தாலும் தறி எங்கே என்று முதலில் கேட்டு, குழியின் அடியிலிருந்துதான் உயரத்தைக் கணக்கிடுகிறேன். அவருக்கு அது உதவவில்லை; குழி வற்றிக் காய்ந்து மறுபடி தறி ஏற்றுவதற்குள் தை வந்துவிட்டது.

கல்யாணத்துக்கு அழைத்திருந்தார்கள், போனேன். பெண் கடையில் எடுத்த பட்டு உடுத்தியிருந்தாள். அட்சதை போட நான் மேடையேறியபோது, நெசவாளி தன் மகளின் முந்தானை ஓரத்தை இரண்டு விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையை எடுத்துவிட்டு, "சாப்ட்டுட்டுதான் போவணும் சார்" என்றார்.