முதுகில் ஒட்டிய பக்கம்

எனக்குப் பிடித்த புத்தகங்களை யாராலும் வாசிக்க முடியாது. சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எழுபதுகளில் மலேசியாவின் ஈப்போவில் ஒரு பைண்டிங் கடையில் வேலை பார்த்தேன். பக்கத்திலேயே ஓர் அச்சகம். மை சரியாக விழுகிறதா என்று பார்க்க அவர்கள் ஒரே தாளைத் திரும்பத் திரும்ப இயந்திரத்தில் விடுவார்கள். கல்யாணப் பத்திரிகையின் மேல் பிஸ்கட் விளம்பரம், அதன் மேல் கோயில் நோட்டீஸ், அதற்கும் மேல் தலைகீழாக மலாய்ப் பாடம். மணப்பெண்ணின் பெயருக்குள்ளிருந்து தேர் ஒன்று புறப்பட்டு வரும். பார்த்தால் அதன் சக்கரம் பிஸ்கட்டாக இருக்கும். குப்பைக்குப் போகிற அந்தத் தாள்களை எல்லாம் கேட்டு வாங்கிச் சேர்த்தேன்.

மத்தியான வெயிலில் கடையின் சீன முதலாளி தவுக்கே நாற்காலியிலேயே தூங்கிவிடுவார். மைதாப் பசை அடுப்பில் மெல்லக் கொப்புளிக்கும். அந்த நேரத்தில் என் தாள்களை மடித்து, ஊசியில் நூல் கோத்து, கட்டுக் கட்டாகத் தைத்துப் புத்தகமாக்குவேன். தைக்கும்போது நான் கடையில் இருப்பதாகவே தோன்றாது. தேர் போகும், மணப்பெண் பின்னால் போவாள், நானும் போவேன். தவுக்கே கண் விழித்துப் பார்த்து "கீலா" என்பார். மலாயில் பைத்தியம் என்று அர்த்தம். கோபமே வராது எனக்கு.

அப்படி ஒரு புத்தகத்தைக் கட்டி முடிக்கும் தறுவாயில்தான் ஓர் அக்கா வந்தார். ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை, பிறந்தது சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். கைத்துண்டில் சுற்றி ஒரு ஜெபப் புத்தகம் கொண்டுவந்திருந்தார்.

"அட்ட பிஞ்சி போச்சு தங்கச்சி. செத்துப்போன எங்கப்பாவோடது. நல்லா கட்டிக் குடுலா."

நன்றாகத்தான் கட்டினேன். கறுப்புத் துணி, புது அட்டை. பழைய அட்டையை ஒட்டி முன்னும் பின்னும் வெறும் தாள்கள் இருக்கும் இல்லையா, அவற்றைக் கிழித்தெடுத்துவிட்டுப் புதுத்தாள் வைப்பதுதான் எங்கள் வழக்கம். கிழித்ததைக் குப்பையில் போடமாட்டோம். பட்டை பட்டையாக நறுக்கி, வேறு புத்தகத்தின் முதுகில், துணிக்கு உள்ளே ஒட்டுவோம். முதுகு உறுதியாக நிற்கும். அவருடைய முன்தாள் தடித்த, பழுப்பேறிய, அருமையான தாள். அதில் பென்சிலால் ஏதோ எழுதியிருந்ததைப் பார்த்தேன். வாசிக்கவில்லை. நல்ல தாளாயிற்றே என்று நறுக்கி என் புத்தகத்தின் முதுகில் ஒட்டிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து அக்கா வந்து புத்தகத்தை வாங்கித் தடவிப் பார்த்தார். அட்டையைத் திறந்தார். மூடித் திருப்பிப் பின்பக்கம் திறந்தார். மறுபடி முன்பக்கம்.

"அப்பா எழுதுன தாள் எங்க?"

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. என் புத்தகம் உலர்ந்து மூன்றே நாள்தான் ஆகியிருந்தது.

"தெரியலக்கா. பழைய தாளெல்லாம் குப்பைக்குப் போயிரும்."

சீ, எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்!

அவர் கத்தவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு சூராட் பெரானாக் இல்லலா" என்றார். பிறப்புப் பத்திரம். தோட்டத்தில் யாரும் பதியாமல் விட்டதால் இத்தனை வயதிலும் குடிமக்களுக்குத் தரும் நீல ஐசி, அதாவது அடையாள அட்டை, கிடைக்கவில்லை; சிவப்பு ஐசிதான், பிறந்த நாட்டிலேயே அந்நியர். "நீல ஐசிக்கு எழுதிப் போட்டேன். பொறந்தப்ப எழுதுனது ஏதாச்சும் காட்டுன்னு கேக்குறாங்க. நான் பொறந்த அன்னிக்கே அப்பா அதுல தேதி எழுதி வெச்சாரு. அது ஒண்ணுதான் இருந்துச்சு. நாளான்னிக்கு வரச் சொல்லியிருக்காங்க."

"இருங்கக்கா" என்றேன். உள்ளே போய் என் புத்தகத்தை எடுத்து வந்தேன்.

அட்டையைக் கிழித்தபோது என் வயிற்றைக் கிழிப்பதுபோல் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். வெதுவெதுப்பான தண்ணீரைப் பிரஷ்ஷால் முதுகில் தடவிக் காத்திருந்தேன். பசை இளகியது. பட்டைகள் ஒவ்வொன்றாக நழுவி வந்தன, நான்கும். பென்சில் எழுத்து என்பதால் கரையாமல் பிழைத்தது. என் புத்தகம் பிழைக்கவில்லை. ஊறிய மடிப்புகள் நூலிலிருந்து பிய்ந்து, தேரும் மணப்பெண்ணும் தாள் தாளாக மேசையில் சரிந்தார்கள்.

"இது என்னா புத்தகம்?" என்று அக்கா கேட்டார்.

"ஒண்ணுமில்லக்கா. கிறுக்கு."

பட்டைகளை ஒரு மெல்லிய தாளின்மேல் வரிசையாகப் பொருத்தினேன். ஒவ்வொரு வரியும் நாலு துண்டு. பாதி எழுத்து இங்கே, கொம்பு அங்கே. ஒட்டி, கனம் வைத்து உலர்த்தி, ஜெபப் புத்தகத்தின் பழைய இடத்திலேயே வைத்துத் தைத்தேன். தேதி, மாதம், வருஷம், "பெண்" எல்லாம் தெரிந்தது. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

குறிப்பிட்ட நாளில் நானும் அவரோடு பதிவு ஆபீசுக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த மலாய் அம்மா அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மூன்று ஒட்டுகளும் மூன்று கோடுகளாகத் தெரிந்தன. வெட்டி ஒட்டியது செல்லாது என்றார். வெட்டியது நான்தான், பைண்டிங் வேலை செய்கிறவள், தவறு என்னுடையது என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவர் முகத்தில் இரக்கம் இருந்தது. "நான் நம்பினால் போதாது, தாள் சொல்ல வேண்டும்" என்று புத்தகத்தை எங்கள் பக்கம் தள்ளினார்.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தோம். அக்கா மடியில் புத்தகத்தை விரித்து விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே போனார். ஓரத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

"இது என்னா எழுத்து? முன்ன இல்லலா இது."

குனிந்து பார்த்தேன். முன்பு தையலுக்குள் மடங்கிப் போயிருந்த ஓரம் அது. நான் பிய்த்து எடுத்ததால்தான் வெளியே வந்திருந்தது. பழைய பசைக்கறையின் நடுவே பொடிப்பொடியாக இரண்டு சொற்கள். ஒட்டும்போது நானே அழுக்கு என்று நினைத்திருந்தேன். "விடியலில் மழை" என்று வாசித்தேன்.

அக்கா என்னையே பார்த்தார்.

"மழைன்னா தோட்டத்துல பால் மரம் வெட்டு இல்ல" என்றார். "அப்ப அப்பா வேலைக்குப் போவல. அம்மா ஒண்டியாக் கெடந்துதான் என்னைப் பெத்தாங்கன்னு இத்தன நாளா நெனச்சிக்கிட்டு இருந்தேன். அவரு பக்கத்துல இருந்திருக்காரு தங்கச்சி!"

சிரித்தார். அந்த மனுஷி சிரித்தார்! பையிலிருந்து சிவப்பு ஐசியை எடுத்து, அந்தப் பக்கத்திலேயே வைத்து, புத்தகத்தை மூடிக்கொண்டார். ஜெலாப்பாங் பஸ் வந்தது. "வாரேன்லா" என்று ஏறிப்போனார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.