முதுகில் கை படும்வரை

1988 நவம்பர் 17, வியாழக்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. நான்கு குடங்களும் அண்டாவும் நிரம்பின. ஆறரைக்குப் பால். ஏழு நாற்பதுக்கு அம்மா ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி முடித்து வந்தார். எட்டு மணிக்கு உப்பிட்டு, எங்கள் ஊர்க் கன்னடத்தில் உப்புமா. அப்பா பனியனோடு முன்னறையில் உட்கார்ந்து, படித்து முடித்த பேப்பரையே மறுபடி படித்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதமாக அவருக்கு அதுதான் வேலை.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் பள்ளிக்குக் கோ-கோ இறுதிப் போட்டி. எனக்குப் பதினொரு வயது. அணியில் எனக்கு இடம் உண்டா என்பது காலை மணி அடிக்கும்வரை முடிவாகவில்லை.

ஓட்டத்தில் என்னை மிஞ்ச வகுப்பில் ஆளில்லை. உட்காருவதில்தான் தகராறு. கோ-கோவில் எட்டுப் பேர் வரிசையாகக் குந்தியிருக்க வேண்டும். துரத்துகிறவள் பின்னால் வந்து முதுகைத் தொட்டு ‘கோ’ என்று கத்திய பிறகே, தொடப்பட்டவள் எழுந்து துரத்தலாம். நானோ, பக்கத்தில் காலடிச் சத்தம் கேட்டாலே எழுந்துவிடுவேன். நடுவர் விசில் ஊதுவார், ஃபவுல். அதைச் சரிசெய்வதற்குள் ஓடுகிறவர்கள் மைதானத்தின் மறுமுனைக்குப் போய்விடுவார்கள். எதிரணிப் பள்ளிப் பெண்கள் எனக்குக் ‘கப்பே’ என்று பெயர் வைத்திருந்தார்கள். கன்னடத்தில் தவளை.

“இன்னொரு தடவை எழுந்தால் உன் இடத்தில் வேறு ஆள்” என்று போட்டிக்குப் பன்னிரண்டு நாள் முன்பு பி.டி. மிஸ் சொல்லிவிட்டார். அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன்.

“ரெண்டு பேருக்கும் கர்த்தர் ஸ்ப்ரிங் வெச்சு அனுப்பியிருக்காரு” என்றார் அம்மா.

இரண்டாவது ஆள் அப்பா. அலுவலகத்தில் மேலதிகாரி ஏதோ சொல்ல, கையிலிருந்த ஃபைலை அவர் மேசைமேல் எறிந்துவிட்டு எழுந்து வந்தவர். நேரில் வந்து விளக்கம் தரும்படி இரண்டு கடிதங்கள் வந்தன. அப்பா போகவில்லை. “போனா அந்த ஆளு மறுபடியும் அதையேதான் சொல்லுவான். நான் மறுபடியும் எந்திரிச்சு வருவேன். எதுக்கு பஸ் சார்ஜ் தண்டம்?” என்பார். அம்மா இரவு டியூட்டிகளைக் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வீட்டில் சும்மா இருந்தவர் அப்பா ஒருவர்தான் என்பதால் பயிற்சிக்கு அவரையே பிடித்தேன். வீட்டுக்குப் பின்னால் சிமெண்டு நடையில் நான் குந்துவேன். அவர் பின்னால் நின்று தரையை மிதிப்பார், கை தட்டுவார், இருமுவார்.

“கோ...ழிக் குழம்பு!”

எழுந்துவிடுவேன்.

“கோழிக் குழம்புன்னா எந்திரிச்சிருவியா? உக்காரு கணே!” கணே என்றால் கன்னடத்தில் ‘டீ’.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் தினமும் குறித்துக்கொண்டேன். முதல் நாள் இருபது தடவையில் பதினான்கு தப்பு. இரண்டாம் நாள் பதினைந்து. நான்காம் நாள் அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. “உனக்கெல்லாம் இது வராது, போ!” என்று உள்ளே போனார். நான் அசையாமல் குந்தியே இருந்தேன். சற்று நேரத்தில் திரும்பி வந்தார்.

“நீங்க மட்டும் பாதியில எந்திரிச்சுப் போலாமாப்பா?”

அவர் மறுபடி தரையை மிதித்தார்.

ஒன்பதாம் நாள் எனக்கு ஒன்று பிடிபட்டது. எழக்கூடாது, எழக்கூடாது என்று நினைத்தால் எழுந்துவிடுகிறேன். அதை விட்டுவிட்டு, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் நினைத்துக்கொண்டால், சத்தமெல்லாம் பக்கத்து வீட்டு ரேடியோபோல ஆகிவிடுகிறது. அன்று நான்கு தப்பு. பன்னிரண்டாம் நாள், பள்ளிக்குக் கிளம்புமுன், ஒன்றுமில்லை. அன்றுதான் வியாழக்கிழமை. பள்ளியில் மிஸ் பின்னால் வந்து இரண்டு முறை தரையை உதைத்துப் பார்த்தார். எழவில்லை. மூன்றாம் கட்டத்தில் என்னை உட்காரவைத்தார்.

அப்பாவும் தூங்காத கண்களோடு அம்மாவும் மைதானத்துக்கு வந்திருந்தார்கள். கடைசித் துரத்தல் எங்களுடையது. ஒரு நிமிடம்கூட மீதியில்லாதபோது புள்ளிகள் சமம். இன்னும் ஒருத்தியைத் தொட்டால் கோப்பை. அப்போது எதிரில் ஓடிக்கொண்டிருந்தவள் இரட்டைச் சடைக்காரி, அவர்கள் அணியிலேயே கெட்டிக்காரி. அவள் நேராக என் முன்னால் வந்து, எழுந்தால் தொட்டுவிடும் தூரத்தில் நின்றாள்.

“கப்பே, ஹாரு! ஹாரு!”

தவளையே, தாவு. அவர்கள் பள்ளி முழுவதும் சேர்ந்து கத்தியது. நான் தாவினால் விசில்; அந்த விசிலில் மீதி நேரம் கரைந்துவிடும். அதற்காகத்தான் நின்றாள். அதைவிடக் கொடுமை, கூட்டத்திலிருந்து ஒரு குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

“எந்திரி! கைக்கு எட்டுற தூரத்துல நிக்கிறா, எந்திரிடீ!”

அப்பா. பன்னிரண்டு நாள் பயிற்சியையும் மறந்து கம்பிவேலியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டு கைகளையும் மண்ணில் அழுத்திக்கொண்டேன். உள்ளங்கை அளவு இடம். அவள் நாக்கைத் துருத்தினாள். நான் அவள் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் எங்கள் கேப்டனின் காலடி நெருங்கியது. சடைக்காரிக்கும் அது கேட்டிருக்கும். ஆனால் நான் எப்படியும் தாவிவிடுவேன் என்று நம்பி இன்னும் ஒரு கணம் நின்றாள்.

அந்த ஒரு கணம் போதுமாக இருந்தது. முதுகில் கை விழுந்தது. “கோ!” அவள் திரும்புவதற்குள் நான் எழுந்து அவள் தோளைத் தொட்டுவிட்டேன். விசில் ஒரே ஒரு முறை, நீளமாக ஒலித்தது.

கேப்டன் என்னைத் தூக்கிச் சுற்றினாள். மிஸ் “கப்பே அல்ல, புலி!” என்று கன்னடத்தில் கத்தி என் கன்னத்தைக் கிள்ளினார். வேலியைத் தாண்டி வரத் தெரியாமல் அப்பா அங்கேயே நின்று அழுதுகொண்டிருந்தார்.

மாலை வீட்டில் கேட்டார்: “நானே எந்திரின்னு கத்துனேனே. எப்படி உக்காந்திருந்தே?”

“நீங்க கத்துனது கேட்டுச்சுப்பா. ஆனா அது கோ இல்லையே.”

அம்மா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மறுநாள், வெள்ளிக்கிழமை. நான் கண் விழித்தபோது குழாயில் தண்ணீர்கூட வந்திருக்கவில்லை. அப்பா முகச்சவரம் செய்து, வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்த இரண்டு கடிதங்களும் இருந்தன. எங்கே என்று கேட்டேன். ஆபீசுக்கு என்றார். என் வெற்றியை ஆபீசில் எல்லோருக்கும் சொல்வதற்காக இவ்வளவு சீக்கிரம் கிளம்புகிறார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாசலுக்கு ஓடிப்போய், மறக்காமல் அந்த மேலதிகாரியிடமும் சொல்லுங்கள் என்று கத்தினேன்.