கூலிங்கிளாஸ் துரை

புல் வெட்ட வருகிற துரை உண்மையில் புல் வெட்டுகிறவரே இல்லை, உளவுத்துறை ஆள் என்று ரோகிணியிடம் சொன்னவள் எதிர் பிளாக் பிரபாவதி. பிரபாவதிக்கு அதை அயர்ன்காரர் சொல்லியிருந்தார். அயர்ன்காரருக்கு யார் சொன்னார்களோ. "அணு உலைக்காரங்க குடியிருக்கிற அணுபுரம்டி இது, உளவு பாக்க யாரை வேணா எப்படி வேணா உள்ள விடுவாங்க. இல்லேன்னா புல்லு வெட்டுறவனுக்கு எதுக்கு அப்படி ஒரு கண்ணாடி?"

கண்ணாடி அப்படிப்பட்டதுதான். கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் போட்டுக்கொள்கிற மாதிரி காதுவரை வளைந்து போகும். மேலே ஆரஞ்சும் நீலமுமாக ஒரு மினுக்கு. அதைப் பார்த்தால் பார்க்கிறவர் முகம்தான் தெரியும். துரையின் கண் தெரியாது. மெஷின் அதிர்வில் நழுவாமலிருக்கப் பின்னந்தலையில் பாவாடை நாடாவால் ஒரு முடிச்சு. ஐம்பதைத் தாண்டிய, மீசை நரைத்த, ஒடிசலான மனிதர். கல்லுக்குத் தடுப்பாக முழங்காலுக்குக் கீழே பிவிசி பைப்பை நெடுக்காகப் பிளந்து கட்டியிருப்பார். தோளில் பட்டை, பட்டையில் தொங்கும் புல் வெட்டும் மெஷின். இத்தனைக்கும் மேலே அந்தக் கண்ணாடி, வேறு யாருடைய முகத்திலிருந்தோ இறங்கி வந்து உட்கார்ந்த மாதிரி.

மெஷினைக் கிளப்பும் முன் புல்வெளி முழுக்க வெறுங்காலால் துழாவி நடப்பார். கல், சோடா மூடி, பிள்ளைகள் தொலைத்த கோலி எல்லாம் பேன்ட் பைக்குள் போகும். அப்புறம்தான் செருப்பு, அப்புறம்தான் கண்ணாடி. அதைத் துண்டால் துடைக்க மாட்டார். துண்டில் மண் இருக்கும். குடிக்கிற தண்ணீரில் அதைக் கழுவி, சட்டையின் உள்பக்கத்தால் ஒற்றி, மிச்சத் தண்ணீரில்தான் தன் முகத்தைக் கழுவுவார். கண்ணாடியைக் கழற்றினால் கண்ணைச் சுற்றி மட்டும் வெளுத்த தோல் தெரியும், வெயிலே படாத வேறொருவருடைய தோல் போல.

வெட்டும்போது யாராவது கிட்டே வந்தால் இடது கை மட்டும் மேலே எழும்பும். விரல்களை ஒட்டி, உள்ளங்கையை விரித்து, போக்குவரத்துப் போலீஸ் மாதிரி. "தள்ளி நில்லு, கல்லு பறக்கும்!" என்று வாய் சொல்வது இரைச்சலில் யாருக்கும் கேட்காது. கையும் கண்ணாடியும்தான் தெரியும். அதனால் வதந்திக்கு இன்னும் கொஞ்சம் சதை பிடித்தது. பிள்ளைகள் "ஐ.பி. வராரு டோய்!" என்று ஓடுவார்கள். பெருக்கும் பெண்களும் டிரைவர்களும் டீ குடிக்கிற இடத்துக்கு அவர் போனால் பேச்சு பாதியில் நின்று, யாரோ மழையைப் பற்றி ஆரம்பிப்பார்கள். துரை டீயை வாங்கிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்று குடிப்பார். கொஞ்ச நாளில் டீக்குப் போவதையே விட்டுவிட்டார்.

ரோகிணியை உறுத்தியது வெள்ளிக்கிழமை. மற்ற நாள் சாப்பாட்டு நேரம் வரை ஓயாத மெஷின், வெள்ளிக்கிழமை பதினோரு மணி வாக்கில் திடீரென்று அடங்கும். எட்டிப் பார்த்தால் துரை அவள் வீட்டு கேட்டுக்கு எதிரே, பிளாக்கைப் பார்த்தபடி அசையாமல் நிற்பார். அரை மணி நேரம். சில நாள் இன்னும் அதிகம். கையில் செல்போன். கணவர் ஸ்டாஃப் பஸ்ஸில் ஏறிப்போன பிறகு வீட்டில் அவள் ஒருத்திதான். ஜன்னல் திரையை இழுத்துவிட்டாலும் அந்த ஆரஞ்சு மினுக்கு திரைக்கு அந்தப் பக்கம் நிற்பது போலவே இருக்கும்.

கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் ஜெபகுமார் ஒருநாள் அந்தப் பக்கம் வந்தபோது சொல்லிவிட்டாள். "வெள்ளிக்கிழமையானா மெஷினை நிறுத்திட்டு எங்க வீட்டையே பாத்துக்கிட்டு நிக்கிறாருங்க."

"நான் பாத்துக்கிறேன் மேடம்."

அடுத்த வெள்ளிக்கிழமை மெஷின் நிற்கவே இல்லை. சாப்பாட்டு நேரத்தில் கேட்டருகே சத்தம் கேட்டு வெளியே வந்தாள். கேட் தூணின் மேல் வைத்திருந்த செல்போனை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, துரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளுத்த தோலுக்கு நடுவே கண்கள் சிவந்திருந்தன.

"கொஞ்சம் தண்ணி குட்ரீங்களாம்மா?"

கொண்டுவந்தாள். குடித்துவிட்டுச் செல்போனை அவளிடம் நீட்டினார். "இது இன்னான்னு பாத்து சொல்லுங்க. போனு வந்துச்சின்னு காட்டுதா?"

"ஆமா. மிஸ்டு கால். ரெண்டு தடவை வந்திருக்கு. யாரு?"

"எம்புள்ள ரமேசு. மஸ்கட்ல கீறான். அவனுக்கு வெள்ளிக்கெயமதான் லீவு."

"திரும்பக் கூப்பிட வேண்டியதுதானே?"

"போன் கார்டு வாங்கிப் போட்டுப் பேசறான்மா. ஒவ்வொரு தபாவும் ஒரு நம்பரு வருது. திருப்பி அட்ச்சா எவனோ இந்தில கத்தறான்."

"சாயங்காலம் பேசச் சொல்லுங்க."

"நெரும்பூராண்ட நம்ம வூடு. அங்க டவரே கெடைக்காது. இங்க உங்க கேட்டாண்ட நின்னாதான் மூணு கோடு வுளுது." தூணைத் தட்டிக் காட்டினார். "ஜோப்புல வச்சா தெரியாது. மெஷினு ஓடினா ஒடம்பே ஆடுது, இதுல போனு ஆடுறது எங்க தெரியும்? அதான் நிறுத்திட்டு நிப்பேன். யாரோ கம்ப்ளெய்ன்ட் குட்த்துட்டாங்களாம். நிறுத்தினா வேலைக்கு வராதன்னுட்டாரு சூப்பர்வைசரு."

ரோகிணி கேட்டின் கொண்டியைத் திறந்தாள், மூடினாள். அமெரிக்காவில் படிக்கும் மகள் சஹானா ஞாயிறு காலையில்தான் பேசுவாள். போன் மணி கேட்காமல் போய்விடுமே என்று ரோகிணி ஞாயிறு காலையில் மிக்ஸி போடுவதில்லை.

"அந்தக் கண்ணாடி..." என்றாள், வேறு எதையாவது கேட்க வேண்டும் என்பதற்காக.

"அவன்துதான். மகாபலிபுரத்துல வாங்கனான். டென்னிஸ் பால் மேட்சுன்னா இத்த மாட்டிக்கினுதான் பந்து போடுவான். எப்பப்பாரு கிரிக்கெட்டு. நான் ஒருநாளு கோவத்துல மட்டைய எடுத்து ஒட்ச்சி அடுப்புல வச்சிட்டேன்." துரை சிரித்தார், அது சிரிப்பாக முடியவில்லை. "சொல்லாமக் கொள்ளாமப் போய்ட்டான். கண்ணாடி ஆணியில தொங்கிக்கினு கெடந்திச்சி. கான்ட்ராக்டரு குட்த்த கண்ணாடி வேர்வைல ஆவி புட்ச்சிக்கும், பொகைக்குள்ள நிக்கிற மாரி. அப்பதான் இத்த எடுத்து மாட்டனேன். இங்க பாருங்க."

இடது பக்கக் கண்ணாடியில் நட்சத்திரம் போல ஒரு கீறல். கல் பட்ட இடம். நேராகக் கண்ணுக்கு வந்த கல்.

"நெழலுக்குப் போனாதான் பேஜாரு. இருட்டா பூடும். புல்லு எது, செடி எதுன்னே தெரியாது."

"நிழல்ல மட்டும் கழட்டிடலாமே?"

"கல்லுக்கு இன்னாம்மா தெரியும், நெழலு வெயிலு?"

கண்ணாடியை இறக்கிக்கொண்டார். இப்போது அதில் ரோகிணியின் முகம்தான் தெரிந்தது.

"இந்தப் பொங்கலுக்கு அப்பறந்தாம்மா பேசவே ஆரம்பிச்சான். எடுக்கலன்னா நைனா இன்னும் மொறச்சிக்கினு கீறாருன்னு நெனச்சிப்பான். அவன் கொணம் எனக்குத் தெரியும். ரெண்டு வாட்டி பாப்பான், அப்பறம் வுட்டுடுவான்."

புகார் சொன்னது யார் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே ஜெபகுமாருக்குப் போன் செய்தாள். "நான்தான் தப்பா நினைச்சிட்டேங்க. வெள்ளிக்கிழமை அவர் நிறுத்தினா நிறுத்தட்டும்." ஜெபகுமார், "பாக்கலாம் மேடம்" என்றார். பார்த்ததாகத் தெரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் பத்தரைக்கே கேட்டருகே வந்துவிட்டாள். செல்போன் தூணின் மேல் இருந்தது, அடியில் மடித்த துண்டு. துரை கோடிப் பக்கம், புங்கமரங்களுக்குக் கீழே வெட்டிக்கொண்டிருந்தார். குரல் கொடுத்தாள். மெஷின் சத்தத்தில் அவளுக்கே அவள் குரல் கேட்கவில்லை.

செல்போன் நீல வெளிச்சத்தோடு துண்டின் மேல் நடுங்க ஆரம்பித்தது.

எடுத்தாள். பச்சைப் பொத்தானில் கட்டைவிரலை வைத்தாள். முன்பின் தெரியாத ஒரு பெண்குரல் கேட்டால் அந்தப் பையன் என்ன நினைப்பான்? அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதானே? அதற்குள் ஓசை நின்றுவிட்டது. ரெண்டு வாட்டி பாப்பான். ரோகிணி செருப்பைக்கூடப் போடாமல் புல்வெளியில் ஓடினாள்.

மறுபடி அடித்தது. வெயிலைத் தாண்டி மரநிழலுக்குள் நுழைந்ததும், கையை உயர்த்தி, செல்போனை அவர் முகத்துக்கு நேரே ஆட்டினாள். துரை நிமிர்ந்தார். கண்ணாடி அவள் பக்கம் திரும்பியது. கண்ணாடியின் அந்த இருட்டில் அவருக்குத் தெரிந்தது, யாரோ ஒரு அம்மா வெறுங்காலோடு மெஷினை நோக்கி வருகிறார் என்பது மட்டும்தான்.

இடது கை மேலே எழும்பியது. விரல்களை ஒட்டி, உள்ளங்கையை விரித்து, தள்ளி நில் என்று. மெஷினை உடம்போடு அணைத்து அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டார், அவள் மேல் கல் படாதபடி.

அவள் கையில் செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது.